கடிகாரம் இலவசம்

ஸ்ரீ லோகோபகாரக் கடிகாரக் கம்பெனி லிமிடெட் கொல்லிமலை ஜனங்களை ஏமாற்றிவிட்டது என்று அடிவாரத்தில் சிலர் பேசிக்கொள்கிறார்கள். இது பெரிய அபாண்டம். அந்தக் கம்பெனி யாரிடமும் ஒரு பொய்கூடச் சொன்னதில்லை. கடிகாரம் இலவசம் என்றார்கள். கடிகாரத்தை இலவசமாகத்தான் கொடுத்தார்கள். மற்றதைப் பற்றி அவர்கள் வாயே திறக்கவில்லை. வாயைத் திறக்காதவன் பொய் சொன்னான் என்று எந்த ஊரிலாவது பேசுவார்களா? நடந்ததை நடந்தபடி சொல்கிறேன். கேட்டுவிட்டு நீங்களே நியாயம் சொல்லுங்கள்.

அப்போது வெள்ளைக்காரன் ராஜ்ஜியம். மலைக்கு ரோடு கிடையாது. சேந்தமங்கலத்துப் பக்கமிருந்து ஏறுகிறவன் கல்லையும் வேரையும் பிடித்துக்கொண்டுதான் ஏற வேண்டும். மலைக்காய்ச்சலுக்குப் பயந்து சர்க்கார் அதிகாரிகள்கூட எப்போதாவது டோலியில் வந்து, கால் தரையில் படுவதற்குள் இறங்கிப் போய்விடுவார்கள். அப்பேர்ப்பட்ட மலைக்கு ஒருவன் தானாக நடந்து வந்து, சிரித்த முகத்தோடு, சும்மா ஒரு பொருள் தருகிறேன் என்றால் ஜனங்கள் என்ன நினைப்பார்கள்? சாமி அனுப்பிய ஆள் என்றுதான் நினைத்தார்கள்.

அந்த ஆள் பெயர் அர்த்தனாரி. கம்பெனி ஏஜெண்டு. கழுத்துவரை பொத்தான் போட்ட கோட்டு, நெற்றி நிறைய விபூதி, வாய் நிறைய வெற்றிலை. ஐப்பசி மழை விட்ட ஒரு சந்தை நாளில், செம்மேட்டில் ஒரு பலாமரத்தடியில் மரப்பெட்டியைத் திறந்து, உள்ளேயிருந்து ஒரு சுவர்க் கடிகாரத்தை எடுத்து மரத்தில் மாட்டினார்.

“மகாசனங்களே! காலம் பொன்னுங்க. பொன்னைச் சும்மா குடுக்கற மவராசன் ஒலகத்துல உண்டுங்களா? எங்க கம்பெனி குடுக்குதுங்க! ஊட்டுக்குக் கொண்டுட்டுப் போங்க. மாட்டுங்க. மெளகு அறுப்பு வரைக்கும் வெச்சுப் பாருங்க. புடிச்சா வாங்கிக்குங்க. புடிக்கலீங்களா, திருப்பிக் குடுத்துருங்க. கடிகாரம் இலவசமுங்க!”

கொல்லிமலைக்காரனுக்குக் கடிகாரம் எதற்கு என்று நீங்கள் கேட்கலாம். அவர்களும் அதைத்தான் யோசித்தார்கள். வெயில் கரட்டின் மேல் விழுந்தால் மாட்டை அவிழ்ப்பார்கள்; நிழல் வாசலைத் தொட்டால் சோறு தின்பார்கள். அந்த ஏற்பாட்டில் யாருக்கும் ஒரு குறையும் இருந்ததில்லை. ஆனாலும், வேண்டாத பொருள் சும்மா வரும்போது வேண்டாம் என்று சொல்லும் துணிச்சல் ராஜாக்களுக்கே கிடையாது. செங்கோடனுக்கு எங்கிருந்து வரும்?

செங்கோடன் செம்மேட்டுக்கு அந்தண்டை ஒரு சிற்றூரில் அம்மா கண்ணாயியோடு இருந்தான். கல்யாணம் ஆகாதவன். வீட்டுக்குப் பின்னால் அப்பன் வைத்துவிட்டுப் போன பலாத்தோப்பு. மரத்துக்கு மரம் மிளகுக்கொடி ஏறிக் கிடந்தது. தாய்மாமன் குப்புசாமியின் மகள் மாதம்மாளை அவனுக்குப் பேசி வைத்திருந்தார்கள். மலையில் மாப்பிள்ளைதான் பெண் வீட்டுக்குப் பரியம் கொடுக்க வேண்டும். பரியம் ஒரு மூட்டை மிளகு. அறுப்பு முடிந்ததும் மூட்டையைக் கொண்டுபோய் இறக்கிவிட்டுப் பெண்ணைக் கூட்டிவர வேண்டியதுதான். மிளகு அப்போது கொடியில் பச்சையாகச் சரம் சரமாகத் தொங்கிக்கொண்டிருந்தது.

மாதம்மாளும் அன்று சந்தைக்கு வந்திருந்தாள். கமலாப்பழக் கூடையை இறக்கி வைத்துவிட்டுக் கடிகாரத்தையே பார்த்துக்கொண்டு நின்றாள். திடீரென்று அது டங் டங் என்று அடித்தது. அவள் ஒரு துள்ளுத் துள்ளி, பிறகு வாயைப் பொத்திக்கொண்டு சிரித்தாள்.

“அய்ய! பேசுதே மாமா!” என்றாள் செங்கோடனிடம். “இது ஊட்டுக்குள்ள இருந்தா எம்பாட்டுக்கு வேல செஞ்சுக்கிட்டே கேட்டுக்கிட்டு இருப்பேன்.”

அவ்வளவுதான். செங்கோடன் அர்த்தனாரியிடம் போனான். “ஏனுங்க, நெசமாலுமே வெல இல்லீங்களா?”

“கவுண்டரே! வெலைங்கற வார்த்தை என் காதுல உழலாமுங்களா?”

செங்கோடனை அதுவரை யாரும் மரியாதையாகக் கவுண்டரே என்று அழைத்ததில்லை. டேய் என்பார்கள், கொஞ்சம் நல்ல மனசுக்காரர்கள் சாமி என்பார்கள். கம்பெனி அவனுக்குக் கொடுத்த முதல் இலவசம் அந்தக் ‘கவுண்டரே’தான்.

“காயிதத்துல ஏதாச்சும் ரேகை வெக்கோணுங்களா?”

“காயிதமா? உங்கள மாதிரி வாக்குத் தவறாதவங்ககிட்டக் காயிதம் கேட்டா என் நாக்கு அழுவிப் போயிரும். எட்டுக்கை ஆத்தா கோயிலு இருக்கற தெசையப் பாத்து, கம்பெனி முறைப்படி நடந்துக்கறேன்னு ஒரு சத்தியம் பண்ணிருங்க. போதும்.”

கம்பெனியின் முறை என்ன என்று செங்கோடன் கேட்கவில்லை. முறை என்றால் நல்லதாகத்தான் இருக்கும் என்று நினைத்தான். மலையில் அந்தச் சொல்லுக்கு வேறு அர்த்தம் இருந்ததில்லை. திசை பார்த்துக் கும்பிட்டுச் சத்தியம் செய்து, கடிகாரத்தைப் பெட்டியோடு தலையில் தூக்கிக்கொண்டு வீட்டுக்கு நடந்தான். வழியெல்லாம் ஜனங்கள் ஒதுங்கி நின்று பார்த்தார்கள்.

கண்ணாயி கடிகாரத்தைத் துடைத்து, பொட்டு வைத்து, அதன் முன்னால் ஒரு வட்டிலில் சாமைச் சோறு படைத்தாள். வீட்டுக்கு வந்தது விருந்தாளியோ சாமியோ தெரியவில்லை. எதுவானாலும் சோறு போட வேண்டும் என்பது அவள் கட்சி. பக்கத்து வீட்டு ராக்கம்மாள் இரவல் கொடுத்த முறத்தைத் திரும்ப வாங்க வந்தவள், கடிகாரத்தைக் கண்டு வந்த வேலையையே மறந்து நின்றாள். கண்ணாயி முறத்தில் ஒரு பிடி சாமையைப் போட்டு அவள் கையில் கொடுத்தாள். இது மலை வழக்கம். இரவல் வந்தது முறமோ சட்டியோ பெட்டியோ, அதை வெறுமையாகத் திருப்பி அனுப்பமாட்டார்கள். வெறுமையாக அனுப்பினால் அந்த வீட்டுக் குதிரும் வெறுமையாகும் என்பார்கள். அந்த ஒரு பிடிச் சாமையை ஞாபகத்தில் வைத்துக்கொள்ளுங்கள். கம்பெனியும் பிற்பாடு அதை நன்றாக ஞாபகத்தில் வைத்துக்கொண்டது.

ஒரு வாரம் கடிகாரம் அடித்தது. கோழிகள் முதலில் அலறின, பிறகு பழகிக்கொண்டன. வாரம் முடிந்ததும் ஒருவர் மூச்சிரைக்க வந்து சேர்ந்தார். கம்பெனியின் சாவிக்காரராம். கடிகாரத்தைத் திறந்து சாவி கொடுத்தார். கண்ணாயி கொடுத்த மோரைக் குடித்தார். பிறகு கூடையடியில் இருந்த முட்டைக் கோழியைப் பிடித்து இடுக்கிக்கொண்டார்.

“ஏனுங்க, அது முட்டையிடற கோழிங்க!”

“அதனாலதாம்மா எடுத்தேன். கெழட்டுச் சேவல எடுத்தாக் கம்பெனிக்குக் கேவலம்.”

“கடிகாரம் இலவசம்னு சொன்னாங்களே!”

“கடிகாரம் இலவசந்தானுங்க. மல ஏறுன என் காலு இலவசம்னு யாரு சொன்னாங்க?”

செங்கோடன் யோசித்தான். கால் இலவசம் என்று யாரும் சொல்லவில்லைதான். “அந்தச் சாவிய எங்ககிட்டயே குடுத்துட்டா உங்களுக்கு இம்புட்டுச் செரமம் இல்லீங்களே?” என்று தயங்கித் தயங்கிக் கேட்டான்.

“சாவி கம்பெனி சொத்து. அதைத் தொட்டா நீங்க வாங்கிட்டீங்கன்னு ஆயிருங்க.”

“அப்பச் சாவியே குடுக்க வேண்டாமுங்க. நின்னு போவட்டும்,” என்றாள் கண்ணாயி.

சாவிக்காரர் காதைப் பொத்திக்கொண்டார். “ஓடுற காலத்த நிறுத்தறதாம்மா? அதுக்கு ஒரு ஆடு.”

கோழி ஆட்டை விடச் சின்னது. கண்ணாயி கோழியையே விட்டுக்கொடுத்தாள். வாரம் ஒரு கோழி போயிற்று. கோழி தீர்ந்ததும் சாவிக்காரர் தேனுக்கு மாறினார். தேன் தீர்ந்ததும் தினைக்கு மாறினார். மனுஷர் எதிலும் பிடிவாதம் பிடிக்காதவர்.

கார்த்திகை பிறந்ததும் நேர அதிகாரி வந்தார். கம்பெனி கொடுத்த நேரத்தை வாடிக்கைக்காரர்கள் ஒழுங்காக உபயோகிக்கிறார்களா என்று பார்வையிடுவது அவர் உத்தியோகம். சேலத்துக்காரர். பாயில் உட்காராமல் நின்றுகொண்டே கேட்டார்.

“அம்மா, நேற்று மணி அடித்தது உங்கள் காதில் விழுந்ததா?”

“உழுந்துச்சுங்க. காது இருக்குதுங்களே.”

“ஒவ்வொரு தடவையும் விழுந்ததா?”

“தூங்கறப்போக்கூட உழுவுதுங்க. தூக்கமே போச்சுங்க.”

“அடடா, இரவிலும் உபயோகிக்கிறீர்கள்!” என்று அதிகாரி வெகுவாகப் பாராட்டினார். “கடிகாரம் இலவசம். அது காட்டும் நேரத்துக்குத்தான் வாடகை.”

செங்கோடனுக்குக் கண்ணைக் கட்டிக் காட்டில் விட்டது போலிருந்தது. “சாமி, எங்களுக்கு அதப் பாத்து நேரஞ் சொல்லத் தெரியாதுங்க. வெயிலு கரட்டுல உழுந்தா மாட்ட அவுக்கறமுங்க. அவ்வளவுதானுங்க.”

“அந்த வெயில் எங்கள் கடிகாரத்தோடு ஒத்துப்போகிறதா?”

“இருக்குமுங்க. தெனமும் ஒரே மாதிரிதான் உழுவுது.”

“அப்படியானால் எங்கள் நேரத்தைத்தான் வெயிலில் பார்த்திருக்கிறாய். அதற்குத் தனி வாடகை கிடையாது. கம்பெனி அவ்வளவு பேராசை பிடித்ததில்லை.”

பிறகு அவர் வெளியே போய் அக்கம்பக்கத்தில் விசாரித்தார். ராக்கம்மாள் கபடில்லாதவள். எங்கள் வீட்டுக்கும் நன்றாகக் கேட்கிறது, குழந்தைகூட மணிக்குத் தலையாட்டுகிறது என்று பெருமையாகச் சொன்னாள். அதிகாரியின் முகம் இருண்டுவிட்டது. அனுமதியில்லாமல் அயலாருக்கு நேர விநியோகம் செய்த குற்றத்துக்காக, செங்கோடன் விதைக்கு வைத்திருந்த சாமை முழுவதையும் எடுத்துக்கொள்ளும்படி ஆயிற்று. விதைச் சாமையைத் தூக்கினபோது கண்ணாயி வயிற்றில் அடித்துக்கொண்டு அழுதாள். அதிகாரி கடிகாரத்தைப் பார்த்தபடி காத்திருந்தார். அவள் அழுத நேரமும் கணக்கில் ஏறிக்கொண்டுதான் இருந்தது.

இனி வெளியே கேட்கக் கூடாது என்று செங்கோடன் கடிகாரத்தின் மேல் கம்பளியைப் போட்டுச் சுற்றினான். அடுத்த முறை வந்த அதிகாரி கம்பளியைக் கண்டு திடுக்கிட்டார். காலத்தை மூச்சடைக்க வைத்த குற்றத்துக்காகக் கறவை மாடு போயிற்று. கம்பளியும் போயிற்று, அது சாட்சிப் பொருளாம். மார்கழிப் பனியில் தாயும் மகனும் அடுப்பை ஒட்டிப் படுத்துக்கொண்டு, மணி அடிப்பதைக் கேட்டார்கள்.

“திருப்பிக் குடுத்துரு சாமி,” என்றாள் கண்ணாயி ஒருநாள் காலையில். “மெளகாச்சும் மிஞ்சட்டும். அந்தப் புள்ள உனக்காவக் காத்துக்கிட்டுக் கெடக்கறா.”

இது அவனுக்குத் தோன்றாமல் இல்லை. பிடிக்காவிட்டால் திருப்பித் தரலாம் என்று ஏஜெண்டே சொல்லியிருந்தாரே! கடிகாரத்தைத் துணியில் சுற்றிப் பெட்டியில் வைத்து, செம்மேட்டில் கம்பெனி போட்டிருந்த கூரைக் கொட்டகைக்கு எடுத்துப் போனான். அர்த்தனாரி வாசலில் நாற்காலி போட்டு உட்கார்ந்திருந்தார்.

“திருப்பிக் குடுக்க வந்தீங்களா கவுண்டரே? பேஷா வாங்கிக்கறோம். ஆனா, திருப்பி வாங்கறது பத்து மணியிலிருந்து பதினோரு மணி வரைக்குந்தானுங்க. இப்ப மணி என்னங்க?”

“தெரியாதுங்களே. பொட்டியத் தெறந்து பாத்தாலும் எனக்குச் சொல்லத் தெரியாதுங்க. உள்ள உங்க கடிகாரத்தப் பாத்துச் சொல்லுங்க.”

“உள்ள ஏது கடிகாரம்? அதெல்லாம் நம்பளுக்குக் கட்டுப்படியாவுங்களா?” என்றார் அர்த்தனாரி.

மூன்று நாள் இப்படியே நடந்தான். நாலாம் நாள் அவர் இரக்கப்பட்டுப் பெட்டியை வாங்கித் திறந்தார். கடிகாரத்தை வெளியே எடுத்தார். எடுத்தவர் அப்படியே நின்றுவிட்டார். பெட்டியின் அடியில் ஒரு பிடி சாமை கிடந்தது.

“இதென்னங்க கவுண்டரே?”

“அம்மா போட்டதுங்க. எரவல் வந்த பொட்டிய வெறுசாத் திருப்பக் கூடாதுங்களே.”

விதைச் சாமை முழுவதும் போன பிறகு, பானை மூலையைச் சுரண்டி அந்த ஒரு பிடியைக் கண்ணாயி எடுத்திருந்தாள். அவர்கள் இருவரும் முந்தின இரவு கஞ்சிகூடக் குடிக்கவில்லை. ஆனாலும் முறை முறைதான்.

அர்த்தனாரியின் முகத்தில் அப்போது தோன்றிய பிரகாசத்தைக் கற்பூரம் கொளுத்தினால்கூடக் கோயிலில் பார்க்க முடியாது. இரண்டு கையையும் கூப்பினார். “உங்க ஆத்தா புண்ணியவதி! வெலையில மொதத் தவணையக் குடுத்துட்டாங்க!”

“வெலையா? அது வழக்கமுங்க!”

“வாங்கறவன் குடுக்கறதும் வழக்கந்தானுங்க. பரீட்சைக்கு வெச்சிருந்தவன் எதுக்குச் சாமி தானியம் குடுக்கறான்? வாங்கிட்டவந்தான் குடுப்பான். இனி இது உங்க கடிகாரம். மீதி வெலைய மெளகுல குடுத்துருங்க.” கடிகாரத்தைத் திரும்பவும் பெட்டியில் வைத்து அவன் தலையில் ஏற்றிவிட்டார். சாமையை மட்டும் எடுத்து வைத்துக்கொண்டார்.

செங்கோடன் முதன்முறையாக மாட்டேன் என்றான். உடனே அர்த்தனாரி, கம்பெனியில் அநியாயத்துக்கு இடமே இல்லை, குறை இருந்தால் ஜெனரல் மானேஜரே நேரில் வந்து விசாரிப்பார் என்று சொன்னார். சொன்னபடியே தை மாதத்தில் மானேஜர் வந்தார். கனத்த சரீரம். டோலி தூக்க நாலு பேர் வேண்டியிருந்தது. வாடகைப் பாக்கி உள்ளவர்கள்தான் தூக்க வேண்டும் என்பது கம்பெனியின் முறை. ஆகவே தன் வழக்கை விசாரிக்க வந்த நீதிமானைச் செங்கோடன் தன் தோளிலேயே சுமந்துகொண்டு மலையேறினான். வழுக்குப் பாறையில் ஒரு இடத்தில் அவன் கால் இடறியது. மானேஜர் உள்ளேயிருந்து, “பார்த்துப் போ, தம்பி. உனக்கு நியாயம் சொல்ல வேண்டியவன் நான்,” என்றார்.

செம்மேட்டுப் பலாமரத்தடியில் விசாரணை நடந்தது. ஊரே கூடியிருந்தது. குப்புசாமியும் மாதம்மாளும்கூட வந்திருந்தார்கள். மானேஜர் இளநீர் குடித்து, கைக்குட்டையால் வாயை ஒற்றிக்கொண்டு எழுந்தார். அவர் பேசியதை ஒரு வார்த்தை கூட்டாமல் சொல்கிறேன். கூட்டுவதற்கு அவர் எதையும் விட்டு வைக்கவில்லை.

“மகாஜனங்களே! நாங்கள் கட்டணங்களை மறைத்து இந்த வாலிபனை வழிதவறச் செய்தோம் என்று குறை சொல்லப்படுகிறது. என் மனசு புண்பட்டிருக்கிறது. மறைப்பது என்றால் என்ன? ஒருவன் தேடும்போது அகப்படாமல் செய்வது. இவன் தேடினானா? ஒரு வார்த்தை கேட்டிருந்தால் நாங்கள் எல்லாவற்றையும் சொல்லியிருப்போம். என்ன கேட்க வேண்டும் என்று தெரிந்தவர்களுக்கு நாங்கள் இலவசக் கடிகாரம் கொடுப்பதே இல்லை. அது எங்கள் கம்பெனியின் முதல் விதி. சேலத்தில் ஒரு வக்கீல் இலவசமாக ஒன்று கேட்டார். கண்டிப்பாக மறுத்து, விலைக்குத்தான் கொடுத்தோம். விலை மிகவும் மலிவு.”

கூட்டம் மரியாதையாகக் கேட்டுக்கொண்டிருந்தது. மானேஜர் இன்னும் கொஞ்சம் இளநீர் குடித்தார்.

“காகிதம் இல்லையே என்பார்கள். கீழ்நாட்டில் கையெழுத்துப் போடுகிறவன் மறுநாளே கோர்ட்டுக்குப் போகிறான். சத்தியம் செய்தவன் எங்கே போவான்? இந்த மலையில் யாரும் சத்தியம் தவறியதில்லை என்று கேள்விப்பட்ட அன்றே நான் ஆனந்தக் கண்ணீர் விட்டேன். உங்கள் நேர்மைதான் எங்கள் மூலதனம். அதை நம்பித்தான் பங்குதாரர்கள் பணம் போட்டிருக்கிறார்கள். அதில் ஒரு குந்துமணி குறைந்தாலும் எத்தனை கௌரவமான குடும்பங்கள் நஷ்டப்படும் என்று இந்த வாலிபன் யோசித்தானா?”

சிலர் செங்கோடனைத் திரும்பிப் பார்த்தார்கள். அந்தக் குடும்பங்களை நினைத்து ராக்கம்மாள் கண்ணைத் துடைத்துக்கொண்டாள். எனக்கு இந்த இடத்தைச் சொல்லும்போது வயிறு பற்றி எரிகிறது. ஆனால் அங்கே யாருடைய வயிறும் எரியவில்லை.

“நீ ஆத்தா பேரில் சத்தியம் செய்தாயா, இல்லையா?” என்று மானேஜர் கேட்டார்.

“செஞ்சேனுங்க.”

“நீ கொடுத்த சாமை உன் வீட்டுச் சாமைதானா?”

“ஆமாங்க.”

“யாராவது கட்டாயப்படுத்தினார்களா?”

“இல்லீங்க. அம்மாவா மனசுவந்து போட்டதுங்க.”

“கேட்டுக்கொள்ளுங்கள்! மனசுவந்து!” என்றார் மானேஜர். விசாரணை முடிந்தது.

மறுநாள் கம்பெனி ஆட்கள் தோப்பில் ஏணி போட்டார்கள். மிளகு இன்னும் சரியாக முற்றவில்லை; பொறுத்தால் இன்னொரு பங்கு கூடக் கிடைக்கும் என்று கண்ணாயி கெஞ்சினாள். அவர்களுக்குப் பொறுக்க நேரமில்லை. சரத்தை மட்டும் உருவாமல் கொடியையே அறுத்து இழுத்தார்கள். அப்பன் காலத்துக் கொடிகள் பாம்பைப் போல் தரையில் கிடந்தன. மிளகு முழுவதும் போன பிறகும் விலையில் பாதிதான் அடைந்ததாம். மீதிக்கு மாசிக்குள் வீட்டை எடுத்துக்கொள்வதாக அர்த்தனாரி சொன்னார்.

குப்புசாமி கெட்டவர் இல்லை. தானே வீட்டுக்கு வந்து சொல்லிவிட்டுப் போனார்.

“உனக்குக் குடுக்கறதுல எனக்கு வருத்தமா சாமி? மெளகு இல்லாமக் குடுத்தா ஊரு காறித் துப்பும். அதக்கூடப் பொறுத்துக்குவேன். ஆனா நாளைக்கு அந்தக் கோட்டுக்காரன் வந்து, உம் பொண்டாட்டி காதுல மணி எத்தன தரம் உழுந்துச்சும்பான். எம் பொண்ணுக்கு ரெண்டு காது இருக்குதுப்பா.”

“மாமா, இன்னொரு வருசம்...”

“கொடியே இல்லியே சாமி. இன்னொரு வருசத்துல என்னத்த அறுப்ப?”

மாதம்மாளை மலையின் இன்னொரு பகுதியான வாழவந்தி நாட்டில் சின்னுசாமி என்பவனுக்குக் கொடுத்தார்கள். அவனுக்கும் நல்ல மிளகுத் தோப்பு இருந்தது. கல்யாணத்தன்று செங்கோடன் போகவில்லை. வீட்டில் உட்கார்ந்து, மணி அடிக்க அடிக்கக் கேட்டுக்கொண்டிருந்தான். அவன் அழுதான் என்று ராக்கம்மாள் சொன்னாள்.

கம்பெனிக்கு இரக்கமில்லை என்று மட்டும் யாரும் சொல்லிவிட முடியாது. மாசி பிறந்ததும் அர்த்தனாரி செங்கோடனைக் கூப்பிட்டு அனுப்பினார்.

“மானேஜருக்கு உம்மேல பிரியம். தோளு மேல வந்தாரே, அந்தப் பாசம். உங்கம்மா குடியிருக்கற ஊட்டக் காப்பாத்திக்க ஒரு வழி சொல்லியிருக்காரு. நீ கம்பெனிக் கடிகாரம் ஒண்ணக் கொண்டுபோய் ஒரு ஊட்டுல வெச்சுட்டு வா. உன் பாக்கி பூராவும் தீந்துரும்.” இப்போது கவுண்டரே இல்லை. அதற்கு அவசியம் தீர்ந்துவிட்டது.

“நானுங்களா? எனக்கு என்னங்க பேசத் தெரியும்?”

“நீ ஒண்ணும் பேச வேண்டாம். அதுதான் நல்லது. உன் மூஞ்சியப் பாத்தாப் போதும், எவனும் நம்பிருவான். சத்தியம் வாங்கிக்க. அப்பறம் ஒரு புது முறை வந்திருக்கு. கடிகாரத்த மாட்டிட்டு, பொட்டிய அப்பவே திருப்பிக் கேளு. வெறும் பொட்டிய அவங்க அனுப்ப மாட்டாங்க. அதுல என்ன போட்டாலும் தொடாமக் கொண்டாந்து எங்கிட்டக் குடு.”

செங்கோடனுக்குப் புரிந்தது. மாதக்கணக்கில் கம்பெனியோடு பழகிய பிறகு அவனுக்கு முதல்முதலாகப் புரிந்தது இதுதான். “எந்த ஊட்டுலங்க வெக்கோணும்?” என்று கேட்டான்.

“வாழவந்தி நாட்டுல சின்னுசாமின்னு ஒருத்தன். நல்ல தோப்பாம். வேற ஊடுன்னா உன் பாக்கி தீராது,” என்றார் அர்த்தனாரி. அவர் வேண்டுமென்று சொன்னாரா, அறியாமல் சொன்னாரா என்று செங்கோடனுக்குக் கடைசிவரை தெரியவில்லை. எனக்குத் தெரியும். கம்பெனி எதையும் அறியாமல் செய்கிற வழக்கமில்லை.

வீட்டில் கண்ணாயி காய்ச்சலோடு படுத்திருந்தாள். வீடும் போனால் அவளைத் தூக்கிக்கொண்டு எந்த மரத்தடிக்குப் போவது? அவன் ஒரு பகல் முழுவதும் யோசித்தான். மறுநாள் விடிந்ததும் பெட்டியைத் தலையில் வைத்துக்கொண்டு கிளம்பினான்.

மாதம்மாள் வாசலில் கேழ்வரகு புடைத்துக்கொண்டிருந்தாள். அவனைக் கண்டதும் முறத்தை வைத்துவிட்டு எழுந்தாள். இளைத்துப்போனதைப் பற்றிக் கேட்டாள். அத்தைக்கு உடம்பு எப்படி என்று கேட்டாள். தண்ணீர் கொடுத்தாள். பிறகு பெட்டியைப் பார்த்தாள்.

“அதா மாமா?”

“அதான்.”

“உங்க ஊட்டுல என்னென்னமோ ஆச்சுன்னு அப்பன் சொன்னாரு. கோட்டுக்காரங்க வந்தாங்களாமே?”

செங்கோடன் தலையைக் குனிந்துகொண்டான். “நாந்தான் முறை தெரியாம நடந்துட்டேன்,” என்றான்.

அவள் அதை நம்பினாள். அவன் எதையும் ஒழுங்காகச் செய்யத் தெரியாத அப்பாவி என்பது அவளுக்குச் சின்ன வயசிலிருந்து தெரிந்ததுதானே. “வெல என்ன மாமா?”

“இலவசம்.”

“நெசமாவா?”

“கடிகாரம் இலவசம்,” என்றான். அது உண்மை.

அவள் புருஷன் காட்டிலிருந்து வந்தான். சாதுவான ஆள். மனைவியின் முகத்தைப் பார்த்துவிட்டு, அவள் கேட்டதற்கெல்லாம் தலையாட்டினான். எட்டுக்கை ஆத்தா இருக்கும் திசை பார்த்துச் சத்தியமும் செய்தான். செங்கோடன் கடிகாரத்தைச் சுவரில் மாட்டி, சாவிக்காரர் செய்ததைப் பார்த்திருந்தபடி ஊசல் குண்டைத் தொட்டு ஆட்டிவிட்டான். பிறகு பெட்டியைத் திருப்பிக் கேட்டான்.

“இரு மாமா,” என்று மாதம்மாள் உள்ளே ஓடினாள். திரும்பி வரும்போது அவள் கை நிறையச் சாமை இருந்தது. “வெறும் பொட்டியாத் தரலாமா?” என்று சொல்லிப் பெட்டிக்குள் போட்டாள். போட்டுவிட்டு, அவன் மெலிந்த கையைப் பார்த்தவள், “அத்தைக்குக் கஞ்சி வெச்சுக் குடு,” என்று இன்னொரு கை அள்ளிப் போட்டாள்.

வேண்டாம் என்று சொல்ல அவனுக்கு வாய் வரைக்கும் வந்தது. பெட்டியைக் கவிழ்த்தால் தீர்ந்தது. அவள் தோப்பும் கோழியும் மாடும் பிழைக்கும். அவன் பெட்டியின் மூடியில் கை வைத்தான். பிறகு மூடினான்.

தலையில் ஏற்றிக்கொண்டு வாசலைத் தாண்டும்போது உள்ளே மணி அடித்தது. மாதம்மாள் வாயைப் பொத்திக்கொண்டு சிரித்தாள், செம்மேட்டுச் சந்தையில் சிரித்த மாதிரியே. மணியைக் கேட்டால் என்ன வாடகை என்று செங்கோடனுக்குத் தெரியும். அவள் கேட்கவில்லை, அவனும் சொல்லவில்லை.